உலகத்தை வெல்ல ஒரு கருப்பு அங்கி

உலகத்தை வெல்லப் போகும்போது போட்டுக்கொள்ள வேண்டிய அங்கியால் பிடித்துச் சோற்றுப் பானையை இறக்கிவிட்டாள் சமையல்காரி காந்தா.

இளங்கோவன் சமையலறைக்குள் நுழைந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது. அங்கியின் நடுமுதுகில் தோசைக்கல் அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதன் ஓரம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"காந்தாக்கா! என்னாக்கா பண்ணிட்ட?"

"என்னா பண்ணிட்டேன்? சோறு வடிக்கப் போறேன்."

"அது கரித்துணி இல்லக்கா!"

"கருப்பா இருந்துச்சு, கைக்கு மாட்டுச்சு. அது அங்கியா துணியான்னு நான் என்னாத்தக் கண்டேன்?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கஞ்சியை வடிக்க ஆரம்பித்தாள்.

இளங்கோவனுக்கு ஊர் ஐயம்பேட்டை. வேலை, காஞ்சிபுரம் செவிலிமேட்டில் காரிருள் வேந்தர் வீட்டில் கையாள். கையாள் என்றதும் அரிவாளும் கையுமாக ஒருவனை நினைத்துக்கொள்ள வேண்டாம். வேந்தருக்கு இட்லி வாங்கி வருவது, கொம்புக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது, கேபிள்காரனுக்குப் போன் போடுவது, இவைதான் அவன் செய்த கொடூரங்கள். இதற்கு முன் கூரியரில் இருந்தான். ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை வளைகாப்புக்கு முந்தின வாரம் பட்டுவாடா செய்ததில் அந்த வேலை போயிற்று. செல்போன் கடையில் இருந்தான். அவன் ரிப்பேர் பார்த்த போன்களில் மற்றவர்கள் பேசுவது கேட்கும், நாம் பேசுவது யாருக்கும் கேட்காது. கடைசியில் இங்கே வந்து சேர்ந்தான்.

வேந்தர் இந்த ஊருக்கு வந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று பேச்சு. தலையில் இரண்டு கொம்பு உண்டு. வெளியே போனால் மங்கி குல்லா போட்டுக்கொள்வார். வீட்டில் விளக்கே போடுவதில்லை என்பதால் தெருக்காரர்களுக்கு அவர் 'இருட்டு சார்'. மற்றபடி சந்தா கேட்டால் கொடுத்துவிடுவார், யார் வம்புக்கும் போவதில்லை, நல்ல மனிதர் என்றுதான் பெயர்.

இளங்கோவனுக்கு மட்டும் அவரைக் கண்டால் குலைநடுக்கம். காரணம், கொல்லையில் இருந்த புளியமரம். அதில் தலைகீழாகத் தொங்கிய வௌவால்கள் எல்லாம் வேலையில் கோட்டைவிட்ட பழைய கையாட்கள் என்பது அவன் முடிவு. யாரும் சொல்லவில்லை, அவனாகவே கண்டுபிடித்தது. தனக்கு முன்னால் இருந்த சத்யராஜ் எங்கே என்று ஒருநாள் கேட்டதற்கு வேந்தர் மரத்தைப் பார்த்துக்கொண்டே பெருமூச்சு விட்டு, "அவனா? அவன் நமக்கு ஒத்துவரலபா" என்றார். அது போதாதா? அன்றிலிருந்து காலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம், எதற்கும் இருக்கட்டும் என்று மேலே பார்த்து, "வணக்கம்ணா" என்று ஒரு கும்பிடு போட்டுவிடுவான்.

இப்போது அங்கி விஷயத்துக்கு வருவோம். கருப்புப் பட்டு அங்கி இல்லாமல் காரிருள் வேந்தர் படை நடத்தக் கூடாது என்பது அவர்கள் குலச் சட்டம். அது அவருடைய அப்பா போட்ட அங்கியாக இருக்கலாம். இல்லாவிட்டால் வேந்தர் குடியிருக்கும் ஊரிலேயே கையால் நெய்து, கார்த்திகை அமாவாசையன்று தறியிலிருந்து அறுத்து, அன்று பொழுது சாய்வதற்குள் உடுத்தியதாக இருக்க வேண்டும். இத்தனை வருஷமாக அங்கி இல்லை என்ற ஒரே குறையால்தான் உலகம் வெல்லப்படாமல் கிடந்தது. இந்த ஆடி மாதம் அவருடைய தளபதி கொடும்பல்லன், வடக்கே ஏதோ ஒரு குகையில் அப்பாவின் அங்கியைக் கண்டுபிடித்து, படையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். படை பக்கத்துக் கூரம் கிராமத்துக்கு வெளியே ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் தங்கியிருந்தது. வருகிற கார்த்திகை அமாவாசைக்குப் புறப்பாடு. அங்கியைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பை, ஆளாளுக்கு வேண்டாம் என்று சொல்லியும், வேந்தர் இளங்கோவனிடம்தான் கொடுத்திருந்தார்.

அந்த அங்கியில்தான் ஓட்டை.

சரி, தைத்துவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டெய்லரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்ப வாங்கப் போனபோது டெய்லர் அயர்ன் பண்ணி மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஓட்டையைக் காணோம். அங்கியையும் காணோம். கழுத்தில் மஞ்சள் பட்டை வைத்த பட்டமளிப்பு விழா கவுன் இருந்தது. ஏனாத்தூர் காலேஜில் படித்த யாரோ ஒரு பையன் உயரம் குறைக்கக் கொடுத்திருந்த கவுன்.

இளங்கோவன் ஷேர் ஆட்டோ பிடித்து ஏனாத்தூர் போவதற்குள் விழா முடிந்துவிட்டது. அந்தப் பையன் அங்கியோடு மேடையேறிப் பட்டத்துக்குக் கை நீட்டியதும் மண்டபம் முழுக்க இருண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் காரணம் தெரியாமல் தேம்பித் தேம்பி அழுதார்களாம். பெற்றோர்கள் அதைப் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பையன் அங்கியோடு ஓசூருக்கு வேலையில் சேரப் போய்விட்டான். போனில் கெஞ்சியதற்கு, "சாரி ப்ரோ, இதைப் போட்டுக்கினு இன்டர்வியூ போனேன், யாரும் ஒரு கேள்வி கேக்கல. செம்ம ராசி. தரமாட்டேன்" என்று வைத்துவிட்டான்.

வேறு வழியில்லை. இளங்கோவன் கைகட்டி வேந்தர் முன்னால் நின்றான். அவர் ஊஞ்சலில் சாய்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்... அங்கி போயிடுச்சு சார்."

வேந்தர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "போயிடுச்சுன்னா? சுத்தமா போயிடுச்சா?"

"சுத்தமா சார்."

"திரும்பி வர சான்ஸே இல்லயா?"

"இல்ல சார். ஓசூர் போயிடுச்சு."

வேந்தர் கண்களை மூடிக்கொண்டார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கின. சிறிது நேரம் கழித்து மிக மென்மையான குரலில், "போனது போவுது. நீ சாப்டியாபா? காந்தா, இளங்கோவுக்கு ரெண்டு இட்லி வை. நெய் ஊத்து" என்றார்.

இளங்கோவனுக்குப் புரிந்துவிட்டது. கத்தினால்கூடப் பரவாயில்லை. வெட்டப் போகிற ஆட்டுக்கல்லவா நெய் ஊற்றச் சொல்கிறார்!

அந்த நேரம் பார்த்துக் கொடும்பல்லன் உள்ளே வந்தான். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு இருப்பான். பல்லெல்லாம் வாய்க்கு வெளியே. அவன் இன்னும் தன் நாட்டுச் செந்தமிழை விடவில்லை.

"அரசே! அங்கி மாய்ந்தது என்று கேள்வியுற்றேன். எனில் குருதியாறு பெருகுவது எந்நாள்? பகைவர் தலைகள் உருள்வது எந்நாள்?"

"பெருகும்பா, பெருகும். மொதல்ல வேகவதி ஆத்துல தண்ணி வரட்டும்" என்றார் வேந்தர். முந்நூறு வருஷத்தில் அவர் பேச்சு முழுக்கக் காஞ்சிபுரமாகிவிட்டது. "அங்கி இல்லாம நான் என்னாப்பா பண்ணுவேன்? சட்டம்னா சட்டம்தானே?"

இளங்கோவன் வாயை மூடிக்கொண்டு இட்லியைச் சாப்பிட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பயம் யாரைச் சும்மா இருக்க விடுகிறது?

"புதுசா நெய்ஞ்சிடலாம் சார்!" என்று கத்திவிட்டான். "காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு பட்டுக்குப் பஞ்சமா சார்? அமாவாசைக்குள்ள நான் நெய்ஞ்சி வாங்கியாறேன்!"

வேந்தரின் கையிலிருந்த ரிமோட் கீழே விழுந்தது. கொடும்பல்லன் ஓடிவந்து இளங்கோவனைக் கட்டிப்பிடித்ததில் விலா எலும்பில் ஒன்று 'மளுக்' என்றது.

"வீரனே! நீயன்றோ உண்மைத் தொண்டன்!"

வீட்டுக்குப் போய் மனைவி எஸ்தரிடம் நடந்ததைச் சொன்னான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். இந்த வேலை வேண்டாம் என்று சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்.

"நீ இதுவரைக்கும் எந்த வேலையையாவது கடைசிவரைக்கும் செஞ்சிருக்கியா? எதுக்கு இந்த வாய்?"

"செய்யலன்னா வௌவாலாக்கிடுவாரு எஸ்தரு."

"ஆயிட்டா வீட்டுக்கு வந்துடு. ஆனா ஒண்ணு, ஃபேன்ல தொங்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயத்தால் என்று சொல்ல முடியாது.

பிள்ளையார்பாளையத்தில் வேலாயுதம் என்பவர் தறி வைத்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, கை சுத்தம், பேச்சு அதைவிடச் சுத்தம். இளங்கோவன் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வெறும் கருப்பா? கரையாவது அரக்குல போடலாமில்ல?"

"வேணாண்ணா. முழுக்கக் கருப்பு."

"எங்க தறியில அப்பிடி ஏத்தமாட்டோம்பா. வீட்டுக்கு ஆவாது."

அவருடைய மனைவி அம்சவேணி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, "யாருக்கு அது, எமனுக்கா?" என்று கேட்டாள்.

கிட்டத்தட்ட சரியாகச் சொல்லிவிட்டாளே என்று இளங்கோவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பதற்றத்தில் ஒரு பொய் தானாக வந்து விழுந்தது. "எங்க சாருக்குக்கா. அவரு சபரிமலைக்கு மாலை போடப் போறாரு. அதான் கருப்பு."

"சாமிக்கா!" என்று வேலாயுதம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மொதல்லயே சொல்றதுக்கு என்னாபா? இன்னிக்கே தறியில பாவு நூல் ஏத்திடறேன். அமாவாசைக்கு முந்தின நாள் அறுத்துக் குடுத்துடுவேன்."

"முந்தின நாள் இல்லண்ணா. அமாவாசையன்னிக்குத்தான் அறுக்கணும். வேண்டுதல்."

அம்சவேணி காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தறிகூட நின்றது போல இருந்தது.

"அமாவாசையில நெசவுக்காரன் தறியத் தொடுவானாபா?" என்றார் வேலாயுதம். "எங்க அப்பா தொட்டதில்ல, எங்க தாத்தா தொட்டதில்ல. இந்த ஊர்லயே எவனும் தொடமாட்டான். அன்னிக்கு எங்களுக்கு லீவு."

இளங்கோவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேந்தரிடம் வந்து விஷயத்தைச் சொன்னான். வேந்தர் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"அடடா! இப்பிடி ஒரு வழக்கம் வேற இருக்குதா? தெரியாம போச்சே!"

"ஆமா சார்."

"அப்போ விட்டுடுபா. பாவம், அவங்க லீவை நாம எதுக்குக் கெடுக்கணும்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நீ காபி சாப்டியா?"

மறுபடியும் அந்த மென்மை! அடுத்த வருஷம் இந்நேரம் எந்தக் கிளையில் தொங்குவோமோ என்று இளங்கோவன் ஜன்னல் வழியாகப் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"இல்ல சார்! நான் விடமாட்டேன்! எப்பிடியாவது அவர்கிட்ட பேசி முடிக்கிறேன் சார்!"

வேந்தர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எதுக்குப்பா இவ்ளோ அக்கறை?" என்றார். குரலில் ஒரு வலி இருந்தது.

அறுக்கும் நாளைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இளங்கோவன் சொல்லிவைத்ததில், தறியில் கருப்பு வளர்ந்தது. சாமி காரியம் என்பதால் வேலாயுதம் குளித்துவிட்டுத்தான் தறியில் உட்கார்ந்தார். மனிதர் அதோடு நின்றிருக்கலாம். மாலை போடப் போகிற சாமியை நேரில் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று, தெருவில் பஜனை பாடுகிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் செவிலிமேட்டுக்கே வந்து இறங்கிவிட்டார்.

இளங்கோவன் கேட்டைத் திறந்தவன் அப்படியே நின்றான். அவர்கள் அவனை விலக்கிக்கொண்டு, சரணம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்கள். வேந்தர் அவசரமாக மங்கி குல்லாவை இழுத்து மாட்டினார்.

விஷயம் புரிந்ததும் அவர் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி! "வாங்க சாமி, வாங்க வாங்க! காந்தா, சுண்டல் வேக வை!" என்றார். வேலாயுதம் துளசி மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார்.

"சாமி, மாலை போட்டாச்சு. இனிமே கோவப்படக்கூடாது. யாரையும் அடிக்கக்கூடாது, திட்டக்கூடாது. ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்கக்கூடாது."

"அப்பிடியா! ஊரைக் கொளுத்தறது, தலைய வெட்டறது?"

"ஐயோ, சாமி தமாஷ் பண்றாரு."

"மாலைய எப்போ கழட்டணும்?"

"மலைக்குப் போயிட்டு வந்து கழட்டலாம் சாமி."

"கழட்டாமயே இருந்தா தப்பா?" என்று வேந்தர் ஆவலாகக் கேட்டார்.

அப்போதுதான் கொடும்பல்லன் வந்தான். பேரரசர் கழுத்தில் துளசி மாலையோடு தாளம் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு அவன் போட்ட கூச்சலில் கொல்லையில் வௌவால்கள் கிளம்பிப் பறந்தன. "யார் இச்சதி செய்தவன்? அவன் குடலை உருவுவேன்!" என்றான்.

வௌவால்கள் பறந்ததைப் பார்த்ததும் இளங்கோவனுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் பறந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் போய் விழுந்தான்.

"சாமிங்களே, என்னை மன்னிச்சிடுங்க! இவரு மலைக்குப் போறவரு இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். இவரு காரிருள் வேந்தரு. அமாவாசையன்னிக்கு உலகத்தை அழிக்கப் போறாரு. அதுக்குத்தான் அந்த அங்கி!"

பஜனை நின்றது. வேலாயுதத்தின் முகம் சிவந்தது.

"உலகத்தை அழிக்கறது அவரு இஷ்டம். அதுல நான் தலையிடல. ஆனா சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லலாமாபா நீ? நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று கேட்டவர், வேந்தரின் கழுத்திலிருந்த மாலையை மரியாதையாகக் கழற்றிக்கொண்டார். "இன்னியோட அந்தத் தறி நிக்குது. ஒரு இழை ஓட்டமாட்டேன்."

எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வேந்தர் கேட் வரைக்கும் ஓடினார். "சுண்டலாவது சாப்ட்டுப் போங்க சாமி!" என்று கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை. வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தவர், முதல்முறையாக இளங்கோவனைக் கோபமாகப் பார்த்தார்.

"நல்லாத்தானே போயிக்கினு இருந்துச்சு? நடுவுல நீ எதுக்குப்பா வாயத் தொறந்த?"

அவ்வளவுதான், தன் கதை முடிந்தது என்று இளங்கோவன் தீர்மானித்துவிட்டான்.

அமாவாசை வந்தது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிச் சத்தம் இல்லை. மழை விட்டு வெயில் அடித்தது. வேலாயுதம் காலையில் குளத்தங்கரைக்குப் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். இளங்கோவன் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணா, ஒரு முழம்தான் பாக்கி இருக்குது. என் உசிரு அதுலதாண்ணா இருக்குது" என்று சொல்லும்போதே இளங்கோவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "புள்ளக்குட்டிக்காரன்ணா. மரத்துல தொங்கி எனக்குப் பழக்கமே இல்லண்ணா."

அம்சவேணிதான் வெளியே வந்தாள். அவளுக்கு இரண்டு நாளாக நல்ல கோபம், அது இளங்கோவன் மேல் அல்ல, தறியை அடைத்துக்கொண்டு கிடந்த அந்தத் துணி மேல்.

"வீட்டு நடுவுல இந்தக் கருப்பை வெச்சிக்கினு எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. நாளைக்கு முகூர்த்தப் புடவைக்குப் பாவு ஏத்தணும். ஏம்பா, நீ நெசவுக்காரனா?"

"இல்லக்கா."

"அமாவாசை லீவு நெசவுக்காரனுக்குத்தானே? உனக்கு என்னா லீவு? தறிக்குழியில எறங்கு. நீயே நெய்ஞ்சி, நீயே அறுத்து, எடுத்துக்கினு போய்ச் சேரு."

"எனக்குத் தெரியாதேக்கா!"

"எறங்குன்றேன்!"

இளங்கோவன் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தான். மிதிகளில் காலை வைத்து, நூல் சுற்றிய நாடாவை வலது பக்கமிருந்து இடது பக்கமாக எறிந்தான். அது பாவுக்குள் நுழையாமல், வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்த எதிர்வீட்டு நதியாவின் மடியில் போய் விழுந்தது.

தெரு முழுக்க லீவில் இருந்தது அல்லவா? செய்தி பரவியதும் எல்லாரும் வந்துவிட்டார்கள். கூடத்தில் இடமில்லாமல் ஜன்னலில் தொங்கினார்கள். யாரும் தறியைத் தொடவில்லை. ஆனால் வாயை வைத்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியவில்லை.

"மிதியை மாத்துபா!"

"கையை மாத்துபா!"

"ஆளையே மாத்தணும்!"

நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டான். முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி போட்டான். விரல் நகத்தில் ரத்தம் வந்தது. வியர்வை துணியில் சொட்டாமல் அம்சவேணி பின்னால் நின்று விசிறினாள். வேலாயுதம் மட்டும் கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனாலும் பாயில் படுத்தபடியே, "நான் தூங்கறேன். நான் எதையும் பாக்கல. இடது மிதி, இடது மிதி! இப்ப பலகையை இழுத்து அடி. மெதுவா அடி, அது பட்டுபா, பாம்பு இல்ல" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் தாண்டியது. எப்போது என்று தெரியாது, கையும் காலும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள ஆரம்பித்தன. நாடா இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் வந்தது. கூட்டம் கிண்டலை நிறுத்திவிட்டது. கடைசி இழையை அடித்து, அம்சவேணி நீட்டிய கத்தியால் பாவை அறுத்து, துணியைக் கையில் எடுத்தபோது இளங்கோவன் வாய்விட்டு அழுதான். பயத்தில் அல்ல. பிறந்ததிலிருந்து அவன் முழுசாக முடித்த முதல் வேலை அது. கடைசி முழம் கொஞ்சம் கோணலாக இருந்தது. இருந்தால் என்ன? தெருவே கைதட்டியது. நதியா இரண்டு பக்கத்தையும் மடித்து நாலு தையல் போட்டு அங்கியாக்கிக் கொடுத்தாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்த வேலாயுதத்தின் கண்ணோரம்கூட ஈரமாக இருந்தது என்று அம்சவேணி பிற்பாடு சொன்னாள்.

ஷேர் ஆட்டோவில் யார் காலையோ மிதித்து ஏறி, யார் மடியிலோ உட்கார்ந்து, பொழுது சாயக் கொஞ்சம் இருக்கும்போதே செவிலிமேடு வந்து சேர்ந்தான். வாசலில் கொடும்பல்லனும் முரசுக்காரர்களும் நம்பிக்கையில்லாமல் குந்தியிருந்தார்கள். உள்ளே வேந்தர் நிம்மதியாக ஊஞ்சலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காந்தா பக்கத்தில் நின்று சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சார்! முடிஞ்சிடுச்சு சார்!"

"என்னாபா முடிஞ்சிது?"

"அங்கி சார்!"

வேந்தரின் கையிலிருந்த இட்லி சாம்பாரில் விழுந்தது. அங்கியை வாங்கிப் பிரித்தார். தடவிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்து, எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று முழுக்கத் தேடினார்.

"இது நேத்து அறுத்ததுதானே? பரவாயில்லபா. உண்மைய சொல்லு. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

"சத்தியமா இன்னிக்குத்தான் சார். தெருவே பாத்துச்சு."

"வேலாயுதம் அமாவாசையில தொட்டிருக்கமாட்டாரே?"

"அவரு தொடல சார். நானே நெய்ஞ்சேன்."

"நீயா? ஒரு வேலைய... நீயா முடிச்ச?"

"நானேதான் சார்!" என்று இளங்கோவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

கொடும்பல்லன் பாய்ந்து வந்து அங்கியை வாங்கி வேந்தரின் தோளில் போர்த்தினான். அளவு கச்சிதமாக இருந்தது. வெளியே முரசு முழங்கியது. "அரசே, பொழுது சாய்கிறது. படை காத்திருக்கிறது. எழுந்தருள்க!" என்றான்.

வேந்தர் ஊஞ்சலைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். சாம்பாரில் மிதந்த இட்லியைப் பார்த்தார். பிறகு இளங்கோவனின் தலையில் கையை வைத்து, "நல்லா இருபா" என்றார். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அங்கியின் நுனி தரையில் இழுபட, படி இறங்கிப் போய்விட்டார்.

இளங்கோவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாக்கா! என் வேலையைப் பாத்து சாரே கண் கலங்கிட்டாரு!"

காந்தா சாம்பார் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கலங்கமாட்டாராடா பாவி? இந்த உலகத்தைப் புடிக்கப் போவாம இருக்கறதுக்குன்னே அமாவாசையில தறி ஓடாத ஊரா பாத்து வந்து, ஒரு வேலையையும் உருப்படியா முடிக்காத ஆளா பாத்து உன்ன வேலைக்கு வெச்சிக்கினு, முந்நூறு வருஷமா தப்பிச்சிக்கினு இருந்த மனுசன்டா அவரு!"